கருப்பை வாய் ஸ்லைடு: சந்திப்பு தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்

முதலாண்டு மருத்துவ மாணவர்களுக்கான பயிற்சிப் பெட்டியில் வரும் ஸ்லைடு இது. லேபிளில் ‘கருப்பை வாய், நீள்வெட்டு, எச் அண்ட் ஈ’ (ஹீமட்டாக்சிலின், ஈயோசின் என்ற இரு சாயங்கள்) என்று இருக்கிறது. அந்த ‘நீள்வெட்டு’க்குத்தான் காசு கொடுக்கிறோம். மேலே குறுக்காக வெட்டிய துண்டில் உள்கால்வாய் மட்டுமே சிக்கும்; இரண்டு எபிதீலியங்களும் (மேற்பரப்பை மூடும் செல் படலங்கள்) சந்திக்கும் இடம் விட்டுப்போகும். இதில் அந்தச் சந்திப்பு 4எக்ஸ் லென்ஸிலேயே துலக்கமாகத் தெரிகிறது.

வெளிப்புறம் பல அடுக்குச் செதிள் எபிதீலியம், கெரட்டின் (தோலின் மேலிருக்கும் கடினப் புரதம்) இல்லை. 40எக்ஸில் பாருங்கள்: அடியில் கருநீலமாக ஒரே வரிசை அடித்தளச் செல்கள். மேலே போகப் போக செல் பெருக்கிறது, நியூக்ளியஸ் சுருங்குகிறது. நடு அடுக்கில் சைட்டோபிளாசம் வெறுமையாகத் தெரிவது பழுது அல்ல. அங்கே சேமித்திருந்த சர்க்கரைப் பொருளான கிளைகோஜனில் பெரும்பகுதி தயாரிப்பின்போது கரைந்துவிட்டது. பரிசோதனையில் அயோடின் தடவினால் வெளிவாய் பழுப்பாவதும் இதே கிளைகோஜனால்தான். கிளைகோஜனுக்கு நிறமேற்றும் பி.ஏ.எஸ். சாயமிட்ட இணை ஸ்லைடு ஒன்று சேர்த்திருந்தால் இதைக் கண்ணாலேயே காட்டலாம். சேர்க்காதது பெரிய குறை.

சந்திப்பைத் தாண்டியதும் சளி சுரக்கும் உயரமான தூண் செல்கள், ஒற்றை வரிசை; நியூக்ளியஸ்கள் எல்லாம் அடியில். இந்த வரிசையே மடிந்து, எபிதீலியத்துக்கு அடியிலுள்ள தாங்குதிசுவான ஸ்ட்ரோமாவுக்குள் இறங்குகிறது. வெட்டில் தனித்தனி வளையங்களாகத் தெரிவதால் சுரப்பி என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் மேற்பரப்பின் மடிப்புகள்தான். ஒரு மடிப்பின் வாயைச் செதிள் எபிதீலியம் மூடி, உள்ளே சளி தேங்கி உப்பியிருக்கிறது. அது நபோத்தியன் நீர்க்கட்டி, நோயல்ல. ஸ்ட்ரோமாவில் கொலாஜன்தான் மிகுதி, மழமழப்புத் தசை கொஞ்சமே.

ஸ்லைடின் ஒரு ஓரத்தில் திசு சாய்வாக வெட்டப்பட்டிருக்கிறது. அங்கே அடித்தளச் செல்கள் பல வரிசையாகக் குவிந்து, புற்றுக்கு முந்தைய மாற்றமோ என்று மாணவரைக் குழப்பும். செல்கள் ஒரே அளவாகவும், எபிதீலியத்தின் நடுவே ஸ்ட்ரோமாத் தீவுகளும் இருந்தால் அது வெட்டின் கோளாறு. கவர்ஸ்லிப் மூலையில் காற்றுக் குமிழியும் உண்டு, அதை ஒட்டும் டி.பி.எக்ஸ். பசையைக் குறைவாக விட்டதால் காய்ந்து சுருங்கியிருக்கிறது. ஜன்னலோரம் வைத்தால் ஈயோசின் வெளுக்கும், மூடிய பெட்டியிலேயே வையுங்கள்.

லேபிளில் வயது இல்லை. மாதவிடாய் நின்ற பிறகு எடுத்த திசுவில் எபிதீலியம் மெலிந்து, கிளைகோஜன் குறைந்து, இந்த ஸ்லைடில் உள்ளதுபோல் அடுக்குகள் தெரியாது. எனவே பணம் கட்டுமுன் விற்பவரிடம் வயதையும் கேளுங்கள், 4எக்ஸ் படம் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். செதிளும் தூணும் ஒரே படத்தில் வரவேண்டும்.