பாம்பனில் ‘ட்ரோன் வீடியோவுடன் படகுச் சவாரி’க்கு முன்பணம் கட்டப் போகிறீர்களா?

ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் போகத் திட்டமிட்டு ரூம் தேட ஆரம்பித்தாலே போதும், இன்ஸ்டாகிராமில் அந்த விளம்பரம் வந்துவிடும். பச்சையும் நீலமுமாகக் கடல், நடுவில் ஒரு படகு, மேலே கேமரா மெல்லச் சுற்றிவரும். “உங்க ஃபேமிலி ட்ரிப்பை சினிமா மாதிரி எடுத்துத் தர்றோம்.” இந்தப் பொங்கல் விடுமுறையில் அப்படி ஒரு ஆளிடம் நாங்கள் 33,000 ரூபாய் விட்டுவிட்டு வந்தோம். கைக்குக் கிடைத்தது 48 விநாடி வீடியோ. அதில் இருப்பது நாங்கள் இல்லை.

மஸ்கட்டிலிருந்து மச்சான் குடும்பம் வந்திருந்தது. மாமா, அத்தை, குழந்தைகள் எல்லோரும் சேர்ந்து ஒரு வேனில் மதுரையிலிருந்து கிளம்பினோம். தரிசனம் முடித்து, மறுநாள் காலை படகு. பேசிய தொகை 18,000. இரண்டு மணி நேரச் சவாரி, ட்ரோனில் படப்பிடிப்பு, எடிட் செய்த ஒரு நிமிட வீடியோ, எடுத்த காட்சிகள் முழுவதும் வெட்டாமல் 4கே தரத்தில். பாம்பனின் புது ரயில் பாலத்துக்குப் பின்னால் படகு வருவது போல ஒரு டாப் ஷாட் நிச்சயம் என்றார் அந்த விளம்பரத்தின் உரிமையாளர். பாதிப் பணம் ஜிபேயில் முன்பணம். மீதி வீடியோ கொடுத்த பிறகு என்று பேச்சு. படகில் ஏறும் இடத்தில் அது “ஏறுறதுக்கு முன்னாடி சார், எல்லாருக்கும் அப்படித்தான்” என்று மாறிவிட்டது. ரசீது கேட்டதற்கு, ஜிபே மெசேஜே ரசீதுதானே என்றார்கள்.

ஏறும் முன் இன்னும் இரண்டு காரியம் நடந்தது. ஹார்பரில் காட்ட வேண்டும் என்று மச்சானின் ஒரிஜினல் டிரைவிங் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்புறம் ஒரு தாளை நீட்டினார்கள். மாமா கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் தாளையும் படிக்காமல் விடமாட்டார். கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள், “லைஃப் ஜாக்கெட் போட்டீங்கன்னு கையெழுத்து, அவ்வளவுதான்யா, மத்த போட்டெல்லாம் கிளம்பிடுச்சு” என்று அவசரப்படுத்தினார் உரிமையாளர். அந்தத் தாளில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்த ஒரு வரி, ட்ரோனுக்கு நேரும் எந்தச் சேதத்துக்கும் வாடிக்கையாளரே பொறுப்பு என்கிறது. இதைப் பிறகு அவரே வாட்ஸப்பில் சிவப்புக் கோடு போட்டு அனுப்பியதால்தான் எங்களுக்குத் தெரியும்.

படகோட்டி அண்ணனைப் பற்றி ஒரு குறையும் இல்லை. வாடைக்காற்று இன்னும் விடவில்லை, வடக்கே பாக் நீரிணைப் பக்கம் போனால் படகு ஆட்டும், குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லித் தெற்குப் பக்கமே கொண்டுபோனார். அந்தப் பக்கம் மன்னார் வளைகுடா. தண்ணீருக்கு அடியில் கடல்புல் தெரிகிற அளவுக்குத் தெளிவு. அந்த இரண்டு மணி நேரத்தில் கொடுத்த காசுக்கு மதிப்பாக இருந்தது அவர் மட்டும்தான்.

ட்ரோன் ஓட்ட வந்த பையனுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். மடக்கு ட்ரோன், முக்கால் கிலோவாவது இருக்கும். படகிலேயே வைத்துக் கிளப்பப் பார்த்தான். படகு ஆடிக்கொண்டே இருப்பதால் சென்சார் சரியாகவில்லை என்று திரையில் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. கடைசியில் மச்சானை எழுந்து நின்று தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கச் சொன்னான். “அண்ணே, கையை மட்டும் ஆட்டாதீங்க.” ட்ரோன் கிளம்பியது. குழந்தைகள் கத்திக் கையசைத்தார்கள். படகும் நின்ற இடத்தில் நிற்கவில்லை, பாலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பையன் வெயிலுக்குத் துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தான்.

கொஞ்ச நேரத்தில் ரிமோட் பீப் அடிக்க ஆரம்பித்தது. ட்ரோன் எங்கள் பக்கம் வரவில்லை. நாங்கள் கிளம்பிய இடத்துக்கு, அதாவது எங்களுக்கு ரொம்பப் பின்னால், வெறும் கடலுக்கு மேல் போய் நின்றது. பிறகு தானாகவே இறங்க ஆரம்பித்தது. அண்ணன் படகைத் திருப்பி முடுக்கினார். கிட்டே நெருங்கும்போது அது தண்ணீருக்கு ஒரு முழம் மேலே நின்று, இறக்கைக் காற்றில் கடலை வட்டமாகக் கலக்கிக்கொண்டிருந்தது. பையன் குச்சியை மேலே தள்ளிக்கொண்டே இருந்தான். ஒரு சின்ன அலை காலைத் தொட்டதும் அப்படியே கவிழ்ந்தது. தண்ணீருக்கு அடியிலும் பச்சை விளக்கு இரண்டு மூன்று முறை மின்னியது. பையன் அழுதுவிட்டான். எங்களுக்கே பாவமாகத்தான் இருந்தது.

கரைக்கு வந்த பிறகுதான் கணக்கு ஆரம்பித்தது. “உங்க ஆளு கையில பிடிச்சு ஆட்டினதாலதான் சார் சென்சார் போச்சு. 65,000 ரூபாய் பொருள்.” நாங்கள் முடியாது என்றோம். லைசென்ஸ் அவர் சட்டைப் பையில். சுற்றிலும் அவருக்குத் தெரிந்த ஆட்கள். வேனில் குழந்தைகள் பசியில் அழுகிறார்கள். மச்சானுக்கு மறுநாள் திருச்சியிலிருந்து விமானம். ஒரு மணி நேர இழுபறிக்குப் பிறகு 15,000 கொடுத்து லைசென்ஸை வாங்கினோம். ஒரிஜினல் அடையாள அட்டையைப் பிடித்துவைத்துக்கொண்டு பணம் கேட்பவரிடம் பேரம் பேச வேண்டிய அவசியமே இல்லை, நேராக 112-ஐ அழையுங்கள். சுற்றுலா வந்த இடத்தில் வம்பு எதற்கு என்று நினைக்கிற குடும்பங்களைப் பார்த்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

இனி, அந்த ட்ரோன் ஏன் விழுந்தது என்பது. மச்சான் மகன் வேடிக்கைக்காகப் பையனின் ரிமோட் திரையைத் தன் போனில் வீடியோ எடுத்து வைத்திருந்தான். அதை மதுரையில் கல்யாண ஷூட்டிங் செய்யும் நண்பர் ஒருவரிடம் காட்டினேன். அவர் பாதியிலேயே சிரித்துவிட்டார்.

இந்த வகை ட்ரோன்கள் கிளம்பும்போது தாம் நின்ற இடத்தை ஜிபிஎஸ் மூலம் ‘ஹோம்’ என்று பதிந்துகொள்ளும். பேட்டரி குறைந்தாலோ ரிமோட்டுடன் தொடர்பு அறுந்தாலோ அந்த இடத்துக்குத்தான் திரும்பும். தரையில் நின்று விடுகிறவருக்கு அது வரப்பிரசாதம். படகிலிருந்து விட்டால், படகு நகர்ந்துபோன பிறகு ‘ஹோம்’ என்பது வெறும் தண்ணீர். அதனால் படகில் விடுகிறவர்கள், பறந்துகொண்டிருக்கும்போதே ரிமோட் இருக்கும் இடத்தை ஹோமாக மாற்றிக்கொண்டே வர வேண்டும்; பேட்டரி பாதி இருக்கும்போதே வரவழைத்துக் கையில் பிடித்துவிட வேண்டும். அடிவயிற்றில் இருக்கும் கேமராவும் சென்சாரும் தரையின் கோலத்தைப் பார்த்துத்தான் நிலையாக நிற்கும். அலையும் பளபளப்புமாக இருக்கும் தண்ணீருக்கு மேலே அவற்றை முழுசாக நம்ப முடியாது. இதெல்லாம் அந்தத் தொழிலில் பாலபாடமாம். போன் வீடியோவில் திரை தெளிவாக இருக்கிறது: பேட்டரி குறைவு, ஹோமுக்குத் திரும்புகிறது, பத்திலிருந்து கீழே எண்ணிக்கை. ரத்து செய்யும் பொத்தானைப் பையன் தொடவே இல்லை. கையில் பிடித்துக் கிளப்பியதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்கிறார் நண்பர். கையில் ஆட்டியிருந்தால் கிளம்பிய உடனே தடுமாறியிருக்குமாம், கால் மணி நேரம் ஒழுங்காகப் பறந்த பிறகு விழாது.

வேண்டுமென்றே விழவைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பயிற்சி இல்லாத ஒரு பையனைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு, அதன் நஷ்டத்தை முன்கூட்டியே வாடிக்கையாளர் தலையில் எழுதி வாங்கிவிடுகிறார்கள். எனக்கு இது அதைவிட மோசமாகப் படுகிறது.

இத்தோடு முடிந்திருந்தால் விபத்து என்றே விட்டிருப்பேன். மெமரி கார்டு கடலோடு போய்விட்டது, ஆனால் முதலில் எடுத்த காட்சிகள் போனில் இருக்கின்றன, எடிட் செய்து அனுப்புகிறோம் என்றார்கள். ஒரு வாரம் கழித்து வந்தது. பாட்டு பிரமாதம். தூரத்திலிருந்து ஒரு படகு, மேலே நீலத் தார்ப்பாய், நாங்கள் போனதும் நீலத் தார்ப்பாய் போட்ட படகுதான். அத்தை கூட “நம்ம போட்டுதான்” என்றார். நடுவில் நாலைந்து விநாடி பாலத்தின் மேலிருந்து ஒரு காட்சி. ரயில் போகிறது. அதை நிறுத்திப் பார்த்தேன்.

ரயில் போவது பழைய பாலத்தில். 1914-ல் திறந்த அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயிலை நிறுத்திவிட்டார்கள். செங்குத்தாகத் தூக்கும் புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்டது. நாங்கள் போனது அதற்குப் பிறகு வந்த பொங்கலில். அதுமட்டுமா, பழைய பாலத்துக்குப் பக்கத்தில் கடல் காலியாகக் கிடக்கிறது. புதுப் பாலத்துக்கான ஒரு தூண் கூட இல்லை. அந்த வேலை 2020-லேயே தொடங்கிவிட்டது. அப்படியென்றால் இது கொரோனாவுக்கு முன்னால் யாரோ எடுத்தது. உற்றுப் பார்த்தால் படகில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண் பிள்ளை கையசைக்கிறாள். எங்கள் வீட்டில் அந்த வயதில் இருப்பது எல்லாம் பையன்கள்.

போன் செய்து கேட்டேன். “பாலத்து ஷாட் மட்டும் ஃபைல்ல இருந்து போட்டோம் சார், எல்லாரும் போடுறதுதான்.” மீதிக் காட்சிகளில் எங்கள் முகம் ஒன்றுகூட இல்லையே என்றேன். ட்ரோனில் முகம் தெரியாது என்றார். வெட்டாத 4கே காட்சிகளைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார்.

புதுப் பாலத்தின் டாப் ஷாட் என்று அவர் ஆசை காட்டியதே தப்பு என்று பிறகுதான் புரிந்தது. 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள்படி நாடு முழுவதும் வானம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சையில் 400 அடி வரை தடையில்லை. மஞ்சளிலும் சிவப்பிலும் முன் அனுமதி வேண்டும். வரைபடத்தை டிஜிட்டல் ஸ்கை தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நீங்கள் போகும் இடத்தை அதில் பெரிதாக்கிப் பாருங்கள். உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து விமானத் தளம், கிழக்கே கொஞ்ச தூரத்தில் இலங்கையுடனான கடல் எல்லை, நடுவில் பாம்பன் பாலம், தெற்கே வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்கா. மொட்டைமாடியில் பட்டம் விடுவது போல ட்ரோன் விடுகிற ஊரா இது? குருசடைத் தீவைப் பார்க்க வேண்டும் என்றால் குந்துகாலிலிருந்து வனத்துறையே படகு விடுகிறது; “தீவுகிட்ட கூட்டிட்டுப் போறோம்” என்று தனியாகச் சொல்பவரிடம் வனத்துறை அனுமதியைக் கேளுங்கள்.

விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. 250 கிராமுக்கு மேல், இரண்டு கிலோவுக்குள் இருப்பது மைக்ரோ வகை. அதைச் சொந்த ஆசைக்குப் பறக்கவிட விமானி சான்றிதழ் தேவையில்லை, காசு வாங்கிக்கொண்டு பறக்கவிட்டால் தேவை. ட்ரோனுக்குப் பதிவு எண், மூன்றாம் நபர் காப்பீடு இரண்டும் இருக்க வேண்டும். ஆகவே முன்பணம் கேட்பவரிடம் இந்த மூன்றையும் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். முறையாகச் செய்பவர் அனுப்பிவிடுவார். என் நண்பரிடம் கேட்டபோது ஒரு நிமிடத்தில் அனுப்பினார். எங்கள் ஆளிடம் இப்போது கேட்டால், “அதெல்லாம் சென்னையில சார்” என்கிறார்.

எங்கிருந்து கிளப்புவீர்கள் என்ற கேள்வியையும் விட்டுவிடாதீர்கள். கரையிலிருந்து என்றால் நல்லது. படகிலிருந்து என்றால், ஹோமை எப்படி மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு முழிப்பவர் கையில் ட்ரோனைக் கொடுக்கவே கூடாது. கரைக்கு வந்ததும், மெமரி கார்டிலிருந்து உங்கள் போனுக்கோ லேப்டாப்புக்கோ வெட்டாத காட்சிகளை அங்கேயே நகல் எடுத்துக்கொண்டு, அப்புறம் மீதிப் பணத்தைக் கொடுங்கள். எடிட் பிறகு வரட்டும்.

நாங்கள் 1915-இல், தேசிய நுகர்வோர் உதவி எண்ணில், புகார் பதிந்தோம். பதில் சொல்ல அவர் வரவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மாமா பெயரில் மனு போட்டிருக்கிறோம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் ஏதும் இல்லை, மனுவையும் இணையத்திலேயே கொடுத்துவிட்டோம். இரண்டு ஆண்டுகள் வரை கெடு இருப்பதால், போன வருடம் இதே மாதிரி ஏமாந்தவர்களும் இன்னும் போடலாம். ஜிபே விவரம், வாட்ஸப் பேச்சு, அந்த நாலு விநாடி ரயில் காட்சி, பையனின் ரிமோட் திரை, எல்லாவற்றையும் மாமா நம்பர் போட்டுக் கோப்பில் கட்டி வைத்திருக்கிறார். இத்தனை வருட உத்தியோகம் வீண் போகவில்லை என்று அத்தை கிண்டல் செய்கிறார்.

மனு நகல் போய்ச் சேர்ந்த மறுநாள் உரிமையாளரே கூப்பிட்டார். குரலில் அவ்வளவு மரியாதை. 15,000-ஐத் திருப்பித் தந்துவிடுகிறேன், மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டு, வெளியில் எங்கும் எழுதாமல் இருக்க முடியுமா என்றார். 33,000 வந்த பிறகு பேசலாம் என்று மாமா சொல்லிவிட்டார். இதுவரை வரவில்லை. அந்த விளம்பரம் இப்போது வேறு பெயரில் ஓடுகிறது, அதே மஞ்சள் சட்டைப் பெண் பிள்ளையோடு.