சீனி வருத்தக்காரருக்கான மா என்று விற்கப்படுவதை வாங்குமுன்

தலவாக்கலையை அண்டிய எங்கள் தோட்டத்துக்கும் அயல் தோட்டங்களுக்கும், சம்பளம் போடப்பட்டதை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமைகளில், இலவசமாகச் சீனி பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒரு வேன் வருகிறது. அதில் வருகிறவர்கள் விற்கும் "சீனி வருத்தத்துக்கான விசேட குரக்கன் மா"வை நான்கு மாதங்கள் உண்ட என் அம்மாவுக்கு நேர்ந்ததை, வீட்டில் நீரிழிவு உள்ளவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 58 வயது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் இரத்தச் சீனியைக் குறைக்கும் மாத்திரைகளான மெற்போமினும் கிளிக்கிளசைட்டும் எடுத்து வருகிறார். மருந்து, சோறு, தேநீர் எல்லாவற்றிலும் அவர் கவனமாகவே இருந்தார். அவரால் விட முடியாமல் இருந்தது ரொட்டி ஒன்றுதான். விடியலில் மலைக்குப் புறப்படுமுன் ரொட்டியும் கட்டச் சம்பலும் உண்டு வளர்ந்த ஒருவருக்கு அது வெறும் உணவு அன்று என்பதை மலையகத்தில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வேனில் வந்தவர்களும் அதை நன்றாக அறிந்திருந்தார்கள்.

முதல் நாள் கோயில் மண்டபத்தில் காலை பத்து மணியளவில் ஆட்களைக் கூட்டி, வந்தவர்களுக்கெல்லாம் சீனி போட்ட தேநீரும் பனிஸும் கொடுத்திருக்கிறார்கள். அதன்பின், எவரும் கை கழுவாத நிலையிலேயே விரலில் குத்திச் சோதித்திருக்கிறார்கள். அம்மாவுக்கு 286 என்று காட்டியது. "இப்படியே விட்டால் காலை எடுக்க வேண்டிவரும் அம்மா" என்று ஓர் இளைஞர் சொன்னாராம். பயந்துபோன அம்மா, ஒரு கிலோ 1,450 ரூபாய் வீதம் இரண்டு பக்கற் வாங்கிவிட்டார். இந்த மாவில் சுட்ட ரொட்டியை எத்தனை வேண்டுமானாலும் உண்ணலாம் என்றும், போகப்போக மாத்திரையையும் குறைத்துக்கொள்ளலாம் என்றும் கூறியிருக்கிறார்கள்.

இரண்டு வாரங்களின் பின் அவர்கள் மீண்டும் வந்தபோது, ஒரு மிடறு தேநீர்கூடக் குடிக்காமல் காலை ஆறரைக்கே வரும்படி சொல்லி அனுப்பினார்கள். அன்று 148 காட்டியது. 286 எங்கே, 148 எங்கே என்று அம்மா மட்டுமன்றி எங்கள் லயத்தில் பாதிப்பேர் நம்பினார்கள். அட்டனில் கற்பித்துக்கொண்டு வார இறுதியில் மட்டும் வீட்டுக்கு வரும் நானும் சரிபார்க்காமல் மகிழ்ந்தேன்.

இந்த இரண்டு எண்களும் ஒன்றோடொன்று ஒப்பிடத் தக்கவை அல்ல. இனிப்புத் தேநீரும் பனிஸும் உண்ட சிறிது நேரத்தில் எவருக்கும் இரத்தச் சீனி ஏறும்; நீரிழிவு உள்ளவருக்கு இன்னும் அதிகமாக ஏறும். விரலில் இனிப்பு ஒட்டியிருந்தால், இரத்தத்தில் உள்ளதைவிடவும் கூடுதலான எண்ணைக் கருவி காட்டக்கூடும். வெறும் வயிற்றில், மாத்திரையும் எடுத்துவரும் ஒருவருக்கு அது இயல்பாகவே குறைந்து காணப்படும். அம்மாவின் கிளினிக் கொப்பியைப் பிறகு புரட்டிப் பார்த்தபோது, வேன் வருவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு வெறும் வயிற்றில் 142 என்று எழுதப்பட்டிருந்தது. ஆகவே, அவர்கள் சாதனையாகக் காட்டிய 148, உண்மையில் எந்தக் குறைவும் அன்று. அந்தக் கொப்பி எங்கள் வீட்டு அலுமாரியிலேயே இருந்தது.

அம்மா மூன்று வேளையும் ரொட்டி உண்ணத் தொடங்கினார். மெற்போமினைத் தாமாகவே பாதியாக்கினார். கிளினிக் தவணையையும் ஒரு தடவை தவறவிட்டார். இரவில் நான்கைந்து முறை சிறுநீருக்கு எழுவதையும் உடல் மெலிவதையும், மா வேலை செய்கிறது என்றே எடுத்துக்கொண்டார். கணுக்காலில் அட்டை கடித்த இடம் ஐந்து வாரங்களாகியும் ஆறாமல் நீர் வடிந்தபோதுதான் நான் அவரைக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றேன். இரண்டு மூன்று மாதங்களின் இரத்தச் சீனிச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில், முன்பு 7.6 வீதமாக இருந்தது 9.9 வீதமாக உயர்ந்திருந்தது.

பக்கற்றைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்த தாதி, முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தை எனக்குக் காட்டினார். முன்பக்கத்தில் "சீனி சேர்க்கப்படவில்லை" என்று தமிழில் பெரிதாகவும், அருகில் ஒரு பச்சை வட்டமும் இருந்தன. 2016 முதல் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை அடையாளங்களைப் பார்த்துப் பழகிய நம்மவர்கள், பச்சை என்றால் நீரிழிவுக்கு ஆபத்தில்லை என்று எண்ணிவிடுகிறார்கள். அந்தப் பச்சை சீனியை மட்டுமே குறிக்கும். மாப்பொருளைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. பின்பக்கத்தில் பொடி எழுத்து ஆங்கிலத்தில் இருந்த சேர்மானப் பட்டியலில் முதலாவது கோதுமை மா, இரண்டாவதுதான் குரக்கன். சேர்மானங்கள் நிறை கூடியதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில் எழுதப்படுவதால், நாங்கள் வாங்கியது பெரும்பாலும் சாதாரணக் கோதுமை மாவையே. 100 கிராமில் மொத்தக் காபோவைதரேற்று (மாப்பொருளும் சீனியும் அடங்கியது) 74 கிராம் என்றும் அதிலேயே அச்சிட்டிருந்தார்கள்.

தூய குரக்கனாக இருந்திருந்தாலும் இந்த எண் பெரிதாகக் குறைந்திருக்காது என்பதை அன்றுதான் அறிந்தேன். குரக்கன் மாவிலும் 100 கிராமில் ஏறத்தாழ 72 கிராம் காபோவைதரேற்று இருக்கிறது. நார்ச்சத்து கூடுதலாக இருப்பது நன்மைதான். எனினும் அளவின்றி உண்ண அது இடம் தருவதில்லை. மாப்பொருள் குடலில் குளுக்கோசாகப் பிரிந்தே இரத்தத்தில் சேருகிறது. நாக்கில் இனிக்காதது இரத்தத்தில் சீனியாகாது என்ற நம்பிக்கைதான் இந்த வியாபாரத்தின் முதலீடு.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தோம். ஒரு கிலோ மாவில் அம்மா பன்னிரண்டு ரொட்டி சுடுவார். ஒன்றுக்கு 83 கிராம் மா என்றால், ஏறத்தாழ 61 கிராம் காபோவைதரேற்று. அது நான்கு துண்டுப் பாணுக்குச் சமம். ஒரு வேளைக்கு மூன்று ரொட்டி உண்டபோது 180 கிராமுக்கு மேல் சென்றிருக்கிறது. கிளினிக்கில் அம்மாவுக்கு வகுத்துத் தந்த அளவு ஒரு வேளைக்கு 45 முதல் 60 கிராம் வரைதான். இது அம்மாவின் உடல்நிலைக்குச் சொல்லப்பட்டது. மற்றவர்கள் தங்கள் வைத்தியரிடமே கேட்க வேண்டும்.

கோபத்தில் நான் செய்த ஒரு பிழையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ரொட்டியை அடியோடு நிறுத்தும்படி அம்மாவிடம் கண்டித்துச் சொன்னேன். மறுநாள் மாத்திரைகளை முழு அளவில் எடுத்துவிட்டு, கீரையும் வெறுந்தேநீரும் மட்டும் உண்ட அவருக்குப் பதினொரு மணியளவில் கை நடுங்கி வியர்த்துக் கொட்டியது. புதிதாக வாங்கிய கருவியில் 62 என்று காட்டியது. 70க்குக் கீழே இறங்குவது ஆபத்து என்று தாதி முன்னரே கூறியிருந்ததால், மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பார்த்தோம், 94க்கு ஏறியிருந்தது. கிளிக்கிளசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் மாப்பொருளைத் திடீரென்று வெட்டிவிடக் கூடாது என்பது இப்படித்தான் எங்களுக்குப் புரிந்தது.

இப்போது அம்மா 40 கிராம் மாவில் சிறிய ரொட்டி ஒன்று சுடுகிறார். அரைக் கோப்பைப் பருப்பும் நிறைய வல்லாரைச் சம்பலும் சேர்த்து உண்கிறார். கணுக்கால் புண் காய்ந்துவிட்டது.

அந்த வேன் இப்போது பொகவந்தலாவைப் பக்கம் போவதாகக் கேள்விப்படுகிறேன். உங்கள் தோட்டத்துக்கு வந்தால், சோதிக்கும் முன் எப்போது உண்டீர்கள் என்று கேட்கிறார்களா, கை கழுவச் சொல்கிறார்களா என்று பாருங்கள். சேர்மானப் பட்டியலையும் மொத்தக் காபோவைதரேற்றையும் பிள்ளைகளைக் கொண்டு உரக்க வாசிக்கச் செய்யுங்கள். மாத்திரையைக் குறைக்கச் சொல்பவர் எவராயினும் அவரிடம் எதையும் வாங்க வேண்டாம்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன்; நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கும் அழைத்துச் சொன்னேன். பற்றுச்சீட்டு எங்களுக்குத் தரப்படவில்லை என்பதால் வெற்றுப் பக்கற்றே எங்கள் ஒரே சான்று. ஏற்கெனவே வாங்கியவர்கள் அதை அடுப்பில் போட்டுவிடாமல் எடுத்து வையுங்கள்.