காட்டுக்காளான் கிட் வாங்கலாமா? திருகோணமலையிலிருந்து ஒரு பார்வை

நேரே விஷயத்துக்கு வருகிறேன். கொழும்புப் பக்கத்திலிருந்து கூரியரில் வருகிற அந்த 'வீட்டிலேயே காட்டுக்காளான்' கிட் 6,500 ரூபாய். அதற்குள் கொடுத்த காசுக்குப் பெறுமதியான சாமான் ஒன்றே ஒன்றுதான், குளோன் குழாய், அதாவது நல்ல காளான் ஒன்றின் சதைத் துண்டிலிருந்து வளர்த்த வேர் மாதிரியான வெள்ளை இழை இருக்கிற குழாய். மிச்சமெல்லாம் குசினியிலும் பார்மசியிலும் கிடைப்பவை, இல்லாவிட்டால் எந்த ஊரிலும் வேலைக்காகாதவை. விற்பவரின் பெயரைப் போடவில்லை. இதே சாமானை நாலைந்து பேர் விற்கிறார்கள், பெட்டியில் ஒட்டியிருக்கிற படம் மட்டும்தான் வேறு.

பெட்டிக்குள் இரண்டு வித்தி ஊசிகள், அதாவது காளானுக்கு விதை மாதிரியான வித்தி கலந்த தண்ணீர் நிரப்பிய ஊசிகள் (ஒன்று இளஞ்சிவப்புச் சிப்பிக்காளான், மற்றது புற்றுக்காளான்), சிப்பிக்காளான் குளோன் ஒரு குழாய், ஏகார் (இழை வளர்க்கிற ஜெலி) ஊற்றிய சின்னத் தட்டுகள், ஒரு பிளேடு, கையுறை, ஸ்பிரிட் துடைப்பான், பிறகு ஒரு விளக்கத் தாள். தாளில் சிங்களமும் ஆங்கிலமும் இருக்கிறது, தமிழ் இல்லை. சரி, அது பழகிப்போன கதை.

முதலில் சிப்பிக்காளான் ஊசி. தண்ணீருக்குள் கறுப்புத் துகள்கள் மிதந்துகொண்டிருந்தன, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இந்தச் சிப்பிக்காளானின் வித்தி கறுப்பில்லை. காளான் குடையைச் செதில் (குடைக்கு அடியில் இருக்கிற மடிப்புகள்) கீழே இருக்கிற மாதிரி ஒரு கறுப்புத் தாளில் கவிழ்த்து, மேலே கிளாஸ் ஒன்றால் மூடி, இரவு விட்டுவிட்டுக் காலையில் பாருங்கள், வெள்ளையாக அல்லது லேசான இளஞ்சிவப்பாக மா படிந்திருக்கும். அதுதான் வித்தி. ஊசிக்குள் இருந்த கறுப்பு என்னவென்று விற்றவருக்கே வெளிச்சம். ஏகாரில் ஒரு சொட்டு விட்டதும் பச்சைப் பூஞ்சணம்தான் முதலில் எழும்பியது.

ஊசி சுத்தமானதாகவே இருந்தாலும் வீட்டுக்காரருக்கு வித்தி வேண்டாம் என்றுதான் சொல்வேன். சிப்பிக்காளானில் ஒரு வித்தி தனியே முளைத்தால் பாதி ஆள் மாதிரி, பொருத்தமான இன்னொன்றோடு சேர்ந்த பிறகுதான் காளான் தருகிற இழை உண்டாகும். அப்படிச் சேர்கிற ஒவ்வொரு சோடியும் வேறு வேறு பிள்ளை. ஒன்று நன்றாகக் காய்க்கும், ஒன்று இழையோடு நின்றுவிடும், எது எது என்று தட்டுத் தட்டாகப் பிரித்துப் பார்க்க ஆய்வுகூடத்தில் இருப்பவருக்குத்தான் நேரம் இருக்கும். குளோனில் இந்தத் தொல்லை இல்லை. நல்ல காளான் ஒன்றின் தண்டைக் கையால் இரண்டாகப் பிளந்து, வெளிக்காற்று படாத உள்சதையில் நகக்கண் அளவு துண்டை ஏகாரில் வைத்தால் தாயின் குணம் அப்படியே வரும்.

கிட்டில் வந்த குழாயைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். சாய்த்து உறைந்திருந்த ஏகாரின் மேல் வெள்ளை இழை விளிம்புவரை ஏறியிருந்தது, பச்சைப் புள்ளியோ புளித்த மணமோ இல்லை, ஒட்டியிருந்த தாளில் மாற்றிய திகதியும் இருந்தது. ஆனால் அதே தாளில் 'பிரிஜ்ஜில் வைக்கவும்' என்று ஒரு வரி. இளஞ்சிவப்புச் சிப்பிக்காளான் வெப்பநாட்டு இனம், பிரிஜ் குளிரில் இழை செத்துப்போகும். வைக்கோல் காளானும் அப்படித்தான். இரண்டையும் அறை வெப்பத்தில் வைத்து, இடைக்கிடை புதிய ஏகாருக்கு மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். விற்கிறவர்கள் எல்லா இனத்துக்கும் ஒரே ஸ்டிக்கரை அடித்து ஒட்டியிருக்கிறார்கள் போல.

விளக்கத் தாள் முழுக்க மலைநாட்டுக்கு எழுதியது. காளான் அறை 20 முதல் 24 பாகைக்குள் இருக்க வேண்டுமாம். ஆனி ஆடியில் கச்சான் என்கிற வெக்கைக் காற்று அடிக்கும்போது உவர்மலையில் அப்படி ஓர் அறையைக் காட்டுங்கள் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் கேட்டேன். "அக்கா, ஏசி ரூமில வைச்சுப் பாருங்கோ" என்று பதில் வந்தது. கரண்ட் பில்லை யார் கட்டுவது என்று நான் கேட்கவில்லை. உண்மையில் இந்த ஊருக்கு ஏசியே தேவையில்லாத இனங்கள் இருக்கின்றன. பால்காளான் 30 முதல் 35 பாகைக்குள் வசதியாக வரும், காளான் வளர்க்கிற பைக்கு மேலே இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மண் போட வேண்டும், அவ்வளவுதான், பறித்த பிறகும் நாட்கணக்கில் வாடாது. வைக்கோல் காளானுக்கும் இதே வெக்கை பிடிக்கும். கிட்டில் இரண்டும் கிடையாது.

ரப்பர் மரத்தூள் வாங்கச் சொல்லியிருப்பதும் அதே கதை. ரப்பர் இருக்கிற பக்கத்தில் அது சுலபம், இங்கே அறுவடை முடிந்த தம்பலகாமம், கந்தளாய் வயல்களில் வைக்கோல் சும்மா கிடக்கிறது, எரிக்கிறவர்களும் உண்டு. இரண்டு அங்குலத்துக்கு வெட்டி, ஏறக்குறைய 80 பாகைச் சுடுநீரில் ஒரு மணித்தியாலம் ஊறவைத்து, வடித்து, கையில் இறுக்கிப் பிடித்தால் ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் விழாத பதத்தில் பையில் அடைத்தால் போதும். ஈரம் கூடினால் புளித்து நாறும்.

ஏகார் தட்டுக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. கிண்ணியாவில் நோன்பு நேரம் செய்வார்களே கடற்பாசி, அந்தச் சாமான்தான் ஏகார். 200 கிராம் உருளைக்கிழங்கை அவித்து வடித்த தண்ணீரை ஒரு லீற்றராக்கி, 20 கிராம் குளுக்கோஸ், 20 கிராம் ஏகார் தூள் கலந்து, சின்னப் போத்தல்களில் ஊற்றி, பிரஷர் குக்கரில் இருபது நிமிடம். குக்கருக்குள் 15 பி.எஸ்.ஐ. அழுத்தம் இருந்தால் 121 பாகை வரும், அந்தச் சூட்டுக்குத்தான் பக்றீரியா வித்திகளும் சாகும். வெறும் கொதிநீர் போதாது. இழையை ஏகாருக்கு மாற்றுகிற வேலையை மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள், கடல்காற்று வருகிற யன்னலையும் மூடிவிட்டு.

இனி எனக்குக் கோபம் வந்த இடம், அந்தப் புற்றுக்காளான் ஊசி. மாரி மழைக்குப் பிறகு புற்றடியில் வெள்ளையாக எழும்புகிற அந்தக் காளானின் ருசி தெரிந்தவர்கள் எவரும் ஆசைப்பட்டு வாங்குவார்கள், அதைத் தெரிந்துதான் விற்கிறார்கள். அது கறையானோடு சேர்ந்து வாழ்கிற பங்கசு. கறையான் மரத்துகளையும் சருகையும் தின்று கட்டுகிற கூட்டில்தான் அது வளரும், சுத்தமாக வைத்திருப்பதும் அந்தக் கறையான்தான். ஏகாரில் இழை மெதுவாக ஊர்ந்தாலும் குடை விரிந்த காளானாக வீட்டுப் பையில் எடுப்பது நடக்கிற காரியமில்லை. வளராது என்று தெரிந்து விற்பதும், தெரியாமல் விற்பதும், வாங்குகிறவர் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒன்றுதான்.

இன்னொரு வரி ஆபத்தானது. 'காட்டில் காணும் எந்தக் காளானையும் குளோன் செய்யலாம்' என்று தாளில் போட்டிருக்கிறார்கள். நஞ்சுக்காளானின் குளோனும் நஞ்சுதான். மழைக்குப் பிறகு புல்வெளியில் பெரிய வெள்ளைக் குடையாக வளையம் வளையமாக முளைக்கிற ஒன்று உண்டு, இளசாக இருக்கும்போது செதிலும் வெள்ளை, முற்றினால்தான் பச்சை ஓடும், வித்தியும் பச்சை. அதைத் தின்றால் வாந்தியும் வயிற்றோட்டமும்தான். வித்தி எடுப்பது வீட்டுக்காரருக்கு உதவுகிற இடம் இதுதான்: கவிழ்த்து நிறம் பார்க்க. ஆனால் வெள்ளையாக இருந்தால் மட்டும் தின்னலாம் என்று அர்த்தமில்லை, கொல்லுகிற காளான்கள் சிலவற்றின் வித்தியும் வெள்ளை. அறிந்தவர் பார்த்து இனத்தைச் சொன்ன பிறகுதான் பிளேட்டைக் கையில் எடுக்க வேண்டும்.

குழாயிலிருந்து வந்த விளைச்சலுக்கு நல்ல பெயர் கொடுக்கிறேன். வைக்கோல் பைகள் கச்சான் வெக்கையிலும் வெளுத்து மூடின, கீறிவிட்ட இடத்தில் நிறம் அப்படி ஒரு சிவப்பு, பக்கத்து வீட்டு அக்கா பிளாஸ்ரிக் பூ என்று நினைத்துத் தொட்டுப் பார்த்தார். சட்டியில் போட்டதும் அந்த நிறம் போய்விடும். மிளகுப் பிரட்டலுக்கு அருமை, பால்கறிக்குக் கொஞ்சம் சவ்வு. பறித்த அன்றோ மறுநாளோ சமைத்துவிட வேண்டும், கடைக்குக் கொடுக்கிற எண்ணம் வேண்டாம். விளிம்பு விரிந்து தட்டையாகும் முன்னமே பறியுங்கள், விட்டால் வித்தி பறந்து அறைக்குள் இருப்பவர்களுக்கு இருமல் பிடிக்கும்.

குழாயைத் தனியாகவும் தருகிறார்கள், 900 ரூபாய், விளம்பரத்தில் போடவில்லை, கேட்டால்தான் சொல்வார்கள். இனத்தின் பெயரையும் மாற்றிய திகதியையும் படமெடுத்து அனுப்பச் சொல்லிவிட்டுக் காசு போடுங்கள். புற்றுக்காளான் ஊசிக்குக் காசைத் திருப்பிக் கேட்டேன். திருப்பித் தர முடியாதாம், அடுத்த ஓடரில் கழித்துத் தருவார்களாம். அடுத்த ஓடர் ஒரு குழாய் மட்டும்தான் என்று சொல்லியிருக்கிறேன், ஊசியின் விலை அதைவிடக் கூட, மிச்சக் காசை எப்படித் தரப்போகிறார்கள் என்று பார்ப்போம்.