டிராக்‌ஷன் கன்ட்ரோல்: இருக்கட்டுமா, அணைக்கலாமா?

துபாய் பக்கம் பாலைவனத்துக்கு டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் ஓட்டிப் போகிறவர்கள் தார்ச்சாலை முடிந்ததும் இரண்டு வேலை செய்வார்கள். டயர் காற்றை 15–18 பிஎஸ்ஐக்கு இறக்குவார்கள், டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைப்பார்கள்.

சக்கரம் ஒன்று வழுக்கிச் சுற்றினால் இந்த அமைப்பு அதற்கு பிரேக் போடும், கூடவே என்ஜின் சக்தியையும் குறைக்கும். மணலில் சக்கரம் கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும், அதை விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் மேடேறும்போது பாதி வழியில் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு சிமிட்டும். ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் என்ஜின் முனகி அடங்கும். வேகம் போனதும் வண்டி புதைய வேண்டியதுதான். ஆழமான சேற்றிலும் இதே கதை.

பாறைப் பாதை அப்படியல்ல. ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அது மட்டும் சும்மா சுற்றும், வண்டி அசையாது. அதை பிரேக் பிடித்து நிறுத்தினால்தான் தரையில் நிற்கும் சக்கரத்துக்கு விசை போகும். டிஃப் லாக் (இரு பக்கச் சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுற்ற வைக்கும் பூட்டு) இல்லாத வண்டி என்றால் இங்கே ஆன்தான். மழைச் சாலையில் பேச்சே வேண்டாம், ஆன்.

டொயோட்டா வண்டிகள் பலவற்றில் பட்டனை ஒரு தட்டு தட்டினால் டிராக்‌ஷன் கன்ட்ரோல் மட்டும்தான் போகும். வண்டி நிற்கும்போது 3 விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால்தான், திருப்பத்தில் வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் அணையும். மணல் மேட்டுக்கு இரண்டையும் அணைப்பதுதான் என் கட்சி. தார்ச்சாலை ஏறுமுன் மறக்காமல் ஆன் செய்துவிட்டால் சரி.