மின்காரா, ஹைபிரிட்டா?

சிங்கப்பூரில் கார் வாங்குவோரின் கணக்கு சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழில்தான் தொடங்குகிறது. பத்து ஆண்டு உரிமைக்கே பெருந்தொகை போகிறது. அதனால் விலையைக் குறைக்கும் எதுவும் மனத்தை இழுக்கும். இதில் மின்காருக்கே கை ஓங்கியிருக்கிறது: 2026-இல் அரசு தரும் இரண்டு சலுகைகளும் சேர்ந்து விலையில் 30,000 வெள்ளி வரை குறையும். அதில் ஒன்று அந்த ஆண்டோடு முடிகிறது. மின்கார் விற்பனையாளர்கள் அவசரப்படுத்துவது சும்மா இல்லை.

அப்புறம் சாலை வரி. பெட்ரோல் வரிக்கு ஈடாக மின்காருக்கு ஆண்டுக்கு 700 வெள்ளி கூடுதல். குறைவாக ஓட்டுபவருக்கு இது உறுத்தும். நாள் முழுக்க ஓட்டும் வாடகைக்கார் ஓட்டுநருக்குப் பெரிதில்லை.

என்னைக் கேட்டால், உண்மையான தயக்கம் வீவக எனும் அரசு அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் இருக்கிறது. தரைவீட்டுக்காரர் சுவரில் சொந்த சார்ஜர் மாட்டிக்கொள்வார். நமக்கோ இரவு பத்து மணிக்கு நான்காம் மாடிவரை சுற்றிப் போய்ப் பார்த்தால் சார்ஜர் உள்ள இடமெல்லாம் நிறைந்திருக்கும். அங்குள்ளவை பெரும்பாலும் மெதுவானவை, இரவு முழுக்க விட வேண்டியவை. பெட்ரோலும் மின்மோட்டாரும் சேர்ந்து இயங்கும் ஹைபிரிட்டுக்கு இந்தத் தலைவலியே இல்லை. தீபாவளிக்கு மலேசியாவில் ஜொகூர் தாண்டி ஈப்போவரை போகிறவருக்கும் அதுவே நிம்மதி. சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும்போது விதிப்படி டேங்க் முக்கால் பாகம் நிறைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் தூய எரிசக்தியில் ஓட வேண்டும் என்பதைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். ஹைபிரிட்டும் அந்தப் பட்டியலில் உண்டு. உங்கள் புளோக்கில் சார்ஜர் எளிதாகக் கிடைத்தால் மின்கார் எடுங்கள். இல்லையென்றால் ஹைபிரிட்.