“பழைய சாமானையும் நானே எடுத்துட்டுப் போறேன், ஆன்ட்டி”: சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில், புரட்டாசி நெருங்கும் நாட்களில் வீடு வீடாகக் கதவைத் தட்டி, “கூரை ஒழுகுதா, கிச்சன் வேலை இருக்கா?” என்று கேட்டு வருபவர்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அப்படி வந்த ஓர் ஆள் எங்களிடம் முன்பணம் வாங்கினார், கூரையை உடைத்துப் போட்டார், என் மாமியாரின் பித்தளைப் பாத்திரங்களையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார். புகாரும் வழக்கும் நடந்துகொண்டிருப்பதால் பெயரை எழுதவில்லை. இவர்கள் எப்படிப் பேசுகிறார்கள், எந்த இடத்தில் மடக்குகிறார்கள் என்று தெரிந்தால் அடுத்த வீடாவது தப்பிக்கும்.

எங்கள் வீடு சாட்ஸ்வொர்த்தின் பேவியூவில் இருக்கிறது. 1960-களில் நகராட்சி கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர், ஒரே கூரை. நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸில் பிறந்து வளர்ந்த மாமியாரின் குடும்பம், இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் அங்கிருந்து கிளப்பப்பட்டபோது இங்கே வந்தது. அன்றைக்குப் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தான் இன்னும் தலைக்கு மேல். சமையலறை சீலிங்கில் மஞ்சள் கறை, சிங்க்குக்கு அடியில் கசிவு, ஊறி உப்பிப்போன கப்போர்ட் பலகை, கெட்டிலைப் போட்டாலே டிரிப் ஆகும் ஒரு பிளக். மாமியாரின் உடம்பு, பிள்ளைகளின் படிப்பு, அப்புறம் 2022 ஏப்ரல் வெள்ளம் என்று ஒவ்வொரு வருஷமும் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

புரட்டாசி என்றால் இங்கே வீடே மாறும் என்பது டர்பன்காரர்களுக்குத் தெரியும். மாதம் முழுக்க கவுச்சி கிடையாது. கப்போர்ட் எல்லாவற்றையும் காலி செய்து கழுவி, விரதப் பாத்திரங்களைத் தனியாக எடுத்து வைத்து, சனிக்கிழமை பெருமாளுக்குப் படைக்க இடம் ஒதுக்க வேண்டும். எப்படியும் எல்லாவற்றையும் வெளியே எடுக்கத்தானே போகிறோம், இந்தத் தடவை வேலையையும் முடித்துவிடலாம் என்று இருந்தோம். இப்படி நினைக்கும் வீடுகளைக் குறிவைத்துத்தான் அவர்கள் வருகிறார்கள். எங்கள் தெருவிலேயே மூன்று நான்கு வீடுகளில் அதே வாரம் தட்டியிருக்கிறார்கள்.

வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் விபூதி, கையில் கயிறு. ஆங்கிலத்தில்தான் பேசினார், ஆனால் மாமியாரிடம் “வணக்கம் மாமி” என்று தமிழில் சொல்லிக் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சமையலறையை ஒரு சுற்று பார்த்துவிட்டு, கூரை, சீலிங், கப்போர்ட், சிங்க், பிளக் எல்லாம் சேர்த்து 38,000 ராண்ட், புரட்டாசி பிறப்பதற்குள் முடித்துத் தருகிறேன் என்றார். திங்கட்கிழமை ஹார்ட்வேர் கடையில் விலை ஏறப்போகிறது, அதனால் அறுபது சதவீதம் இன்றைக்கே வேண்டும் என்றார். 22,800 ராண்ட் கொடுத்தோம்.

அவர் கொடுத்த கொட்டேஷன் தாளை இப்போது எடுத்துப் பார்த்தால் மேலே ஒரு கம்பெனிப் பெயர், கீழே ஒரு செல் நம்பர், நடுவில் மொத்தத் தொகை. எந்த வேலைக்கு எவ்வளவு என்று இல்லை. முகவரி இல்லை. கம்பெனிப் பதிவு எண்ணும் இல்லை. கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான சிஐபிசியின் இணையதளத்தில் தேடினால் அந்தப் பெயரில் கம்பெனியே கிடையாது. உங்கள் கையில் இப்படி ஒரு தாள் வந்தால், பணத்தைப் பற்றிய பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இது பலருக்குத் தெரியவில்லை. நாம் கூப்பிடாமல் அவர்களே கதவைத் தட்டி வந்து பேசி முடித்த வேலையை, 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி, ஐந்து வேலை நாட்களுக்குள் காரணம் எதுவும் சொல்லாமல் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். பணம் கொடுத்த அன்றைக்கே மனதில் ஏதோ உறுத்தினால் அந்த ஐந்து நாளை வீணாக்காதீர்கள். அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி, ரிப்பேருக்கு மதிப்பீடு கொடுத்துவிட்டு, நம் சம்மதம் இல்லாமல் அதற்கு மேல் வசூலிக்கவும் கூடாது.

இனி பாத்திரக் கதை. எனக்கு ஆறாத வலி இதுதான். சமையலறையைக் காலி செய்தபோது வெளியே வந்தவை கொஞ்சநஞ்சம் இல்லை. இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாக்கள் ஒரு கோபுரம், மூடி இல்லாத டப்பா, டப்பா இல்லாத மூடி, ரப்பர் போன குக்கர்கள், துருப்பிடித்த பிஸ்கட் டின்கள், எண்ணெய் ஏறிய அச்சார் பாட்டில்கள். “இதை எல்லாம் கொண்டுபோய்க் கொட்ட உங்களுக்குத்தான் செலவு, ஆன்ட்டி. என் பாக்கியில் நானே எடுத்துட்டுப் போறேன், பில்லில் 500 ராண்ட் கழிச்சுக்கிறேன்” என்றார். பாக்கி என்றால் இங்கே பின்பக்கம் திறந்த சரக்கு வண்டி. கேட்க நன்றாகத்தான் இருந்தது. வேண்டாதவற்றை வாசல் வராந்தாவில் குவித்தோம். வேண்டியவற்றைப் பின்பக்கம் ஒரு போர்வை விரித்து அடுக்கி, இன்னொரு போர்வையால் மூடி, “இதைத் தொடக்கூடாது” என்று அவரையும் அவருடைய ஆட்களையும் கூப்பிட்டுக் காட்டிச் சொன்னோம். அந்தப் போர்வைக்குள்தான் பொங்கலுக்குப் பால் வைக்கும் பித்தளைப் பானை, குத்துவிளக்கு ஜோடி, செம்பு, மாமியாரின் பாட்டி காலத்து உருளி எல்லாம் இருந்தன.

அன்று சீலிங்கை இறக்கப் போகிறோம், தூசி வரும், முன் அறையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு இருங்கள் என்றார்கள். வெளியே வந்து பார்த்தபோது இரண்டு குவியலும் இல்லை, பாக்கியும் இல்லை. போன் செய்தால், “எல்லாத்தையும் எடுக்கச் சொன்னது நீங்கதானே ஆன்ட்டி, பையன்கள் கொட்டிட்டாங்க” என்கிறார். பித்தளையை யாராவது குப்பையில் கொட்டுவார்களா? மாமியார் அன்றிரவு சாப்பிடவில்லை. அந்தப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் மேகசின் பாரக்ஸிலிருந்து லாரி ஏறினோம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ரிப்பேர் செய்ய வருபவரிடம் ஒழிப்பு வேலையைக் கொடுக்காதீர்கள். “இலவசம்” என்று சொன்னால் இன்னும் உஷாராகுங்கள். வேலை தொடங்கும் முன்பே விலையுள்ள பாத்திரங்களைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஒவ்வொன்றையும் அடிப்பக்கத்தோடு போட்டோ எடுத்து வையுங்கள். எங்களுக்கு உதவியது ஒரு பழைய பொங்கல் போட்டோ மட்டுமே.

கூரைக்கு வருகிறேன். இதில் பணத்தைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. அவருடைய ஆட்கள் ஏறி, ஷீட்டைச் சுத்தியலால் உடைத்துத் துண்டு துண்டாக முற்றத்தில் போட்டார்கள், ஒரு ஓரத்தை கிரைண்டர் வைத்து அறுத்தார்கள், கடைசியில் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கினார்கள். முகத்தில் ஒரு துணிகூட இல்லை. கட்டட வேலை பார்த்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு அங்கிள்தான் ஓடிவந்து சத்தம் போட்டு நிறுத்தினார். அதற்குள் அவர் பக்கத்து முகட்டு ஷீட்டிலும் விரிசல் விட்டிருந்தது.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் முழுசாக, பெயின்டோடு, உடையாமல் இருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. உடைத்தால், அறுத்தால், துளை போட்டால், காயவிட்டுச் சுரண்டினால் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் கலக்கும். அது நுரையீரலுக்குள் போய்த் தங்கும். மீசோதீலியோமா என்ற புற்றுநோய் இருபது, நாற்பது வருஷம் கழித்துக்கூட வெளியே தெரியும். நார்தர்ன் கேப் மாகாணத்தில் ப்ரீஸ்கா, குருமான் பக்கம் நீல ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கங்கள் இருந்த ஊர்களில் எத்தனை குடும்பங்கள் இதில் அழிந்தன என்பது இந்த நாட்டுக்குத் தெரியாததல்ல. 2008-இல் இங்கே ஆஸ்பெஸ்டாஸ் பயன்பாட்டுக்கும் விற்பனைக்கும் தடை வந்தது. ஏற்கெனவே கட்டடங்களில் இருப்பதைக் கையாள 2020-இல் தனி விதிமுறைகள் வந்தன. கூரையைக் கழற்ற, தொழிலாளர் துறையில் பதிவு செய்த ஆஸ்பெஸ்டாஸ் ஒப்பந்தக்காரரைத்தான் கூப்பிட வேண்டும். அந்தப் பதிவுச் சான்றை முதலில் கேளுங்கள். தயங்கினால் ஏணியில் ஏற விடாதீர்கள்.

ஏற்கெனவே உடைந்துவிட்டது என்றால் பெருக்காதீர்கள், வீட்டு வேக்குவம் போடாதீர்கள். பிள்ளைகளை உள்ளே அழைத்து ஜன்னலை மூடுங்கள். துண்டுகளின் மேல் மெதுவாகத் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்துக்கொண்டு, பதிவு பெற்றவரைக் கூப்பிடுங்கள். நகராட்சிக் குப்பைப் பையில் இதைப் போடவே கூடாது, அபாயக் கழிவுக்கு அனுமதி உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். எங்கள் முற்றத்தை அப்படிச் சுத்தம் செய்த செலவும் எங்கள் தலையில்தான் விழுந்தது.

மரச் சாமான் வாங்க என்று மேலும் 6,500 ராண்ட் வாங்கிய பிறகு போன் அணைந்துவிட்டது. சிங்க்கின் குழாயைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். பிளக்கைச் சரிசெய்தோம் என்று டேப் சுற்றிவிட்டுப் போயிருந்தார்கள். அப்புறம் வந்த பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் அதைத் திறந்து பார்த்துவிட்டு மெயினையே அணைக்கச் சொன்னார். மின் வேலை யார் செய்தாலும் இணக்கச் சான்றிதழ், அதாவது சிஓசி, கேட்டு வாங்குங்கள். முதல் மழை வந்தபோது கூரையில் தார்ப்பாய்தான் இருந்தது. முதல் சனிக்கிழமை படையலைப் பக்கத்து வீட்டு அடுப்பில் சமைத்தோம்.

போலீஸ் நிலையத்தில் முதலில், இது கொடுக்கல் வாங்கல் தகராறு, சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள். இங்கே விட்டுக்கொடுக்காதீர்கள். வேலை முடிக்காத பணம் ஒரு விஷயம், பாத்திரம் போனது திருட்டு, அது தனி. திருட்டுக்கு வழக்கு எண் வாங்கிய பிறகுதான் விஷயம் நகர்ந்தது. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி பழைய பொருள் வாங்குபவர்களும் ஸ்கிராப் கடைக்காரர்களும் போலீசில் பதிவு செய்திருக்க வேண்டும், விற்றவரின் அடையாள விவரத்தையும் எழுதி வைக்க வேண்டும். அதனால் போட்டோவைச் சீக்கிரம் கொடுத்துவிடுங்கள்.

பணத்துக்குச் சிறு உரிமைகோரல் நீதிமன்றத்துக்குப் போனோம். வக்கீல் தேவையில்லை, அனுமதியும் இல்லை. அங்குள்ள எழுத்தர் இலவசமாகவே வழிகாட்டுவார். முதலில் பதினான்கு நாள் கெடு வைத்துக் கோரிக்கைக் கடிதம் கொடுக்க வேண்டும். 2019 முதல் அங்கே உச்சவரம்பு 20,000 ராண்ட். நாங்கள் கொடுத்தது 29,300. மிச்சத்தை விட்டுக்கொடுத்துத்தான் வழக்குப் போட்டிருக்கிறோம். எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது சம்மன் கொடுக்க முகவரி கண்டுபிடிப்பதுதான். எதிர்வீட்டு கேட் கேமராவில் பாக்கியின் நம்பர் பதிவாகியிருந்ததால் தப்பித்தோம். முன்பணம் கொடுக்கும் முன் அடையாள அட்டையையும் வண்டி நம்பரையும் போட்டோ எடுக்கக் கூச்சப்படாதீர்கள். நேர்மையான ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார். இப்போது எங்களுக்குக் கப்போர்ட் செய்யும் தச்சர் தானாகவே காட்டினார், ஒவ்வொரு பகுதி முடிந்த பிறகுதான் பணமும் வாங்குகிறார்.

கடைசியாக ஓர் உதவி கேட்கிறேன். பானையின் கழுத்தில் புள்ளி புள்ளியாக “மு. வெ.” என்று தமிழில் பெயர் வெட்டியிருக்கும், ஒரு பக்கம் கட்டைவிரல் அளவு நசுங்கல் உண்டு. உருளியின் ஒரு காதில் ஈயப் பற்று வைத்து ஒட்டியிருக்கும். சாட்ஸ்வொர்த்திலோ, டர்பன் நகரத்தில் கிரே ஸ்ட்ரீட் பக்கம் பழைய சாமான் கடைகளிலோ இவற்றைப் பார்த்தால் விலை பேசாதீர்கள். கடையின் பெயரையும் பார்த்த நேரத்தையும் குறித்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். வழக்கு எண்ணோடு போலீசைக் கூட்டிக்கொண்டு நாங்கள் போகிறோம்.