டியூப்பை எடுக்க ஒரு மாத்திரை, திரும்பப் போடாமலிருக்க இன்னொன்று

புராஸ்டேட் வீங்கி மூத்திரம் அடைத்துக்கொண்டவருக்கு அந்த நேரத்தில் எந்த மாத்திரையும் உதவாது. டியூப் போட்டு நீரை வடிப்பதுதான் வைத்தியம். மருந்துப் பேச்சு அதற்குப் பிறகே. சீட்டில் பெரும்பாலும் வருபவை டாம்சுலோசின், டூட்டாஸ்டிரைடு. சில நேரம் இரண்டும் ஒரே கேப்ஸ்யூலில். இதில் எது நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது: ஸ்கேனில் சுரப்பி எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறது?

டாம்சுலோசின், அல்ஃபூசோசின், சைலோடோசின் மூன்றும் ஆல்ஃபா தடுப்பான்கள். சிறுநீர்ப்பையின் கழுத்திலும் புராஸ்டேட்டிலும் உள்ள தசையைத் தளர்த்துகின்றன, வீக்கத்தைத் தொடுவதில்லை. சில நாட்களிலேயே பலன் தெரியும். அதனால்தான் டியூப் போட்ட அன்றே தொடங்கி, இரண்டு மூன்று நாள் கழித்து டியூப்பை எடுத்துப் பார்க்கிறார்கள். அல்ஃபூசோசின் 10 மி.கி. கொடுத்துப் பார்த்த ஆய்வில் சுமார் 62 சதவீதம் பேருக்குத் தானாக நீர் பிரிந்தது. போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 48 சதவீதம். உதவிதான், ஆனால் மாயமில்லை. ஏறக்குறைய பாதிப் பேருக்கு மருந்தில்லாமலே பிரிந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

இம்மூன்றில் பலத்தை வைத்துத் தேர்ந்தெடுக்க அதிகமில்லை. தொந்தரவை வைத்துத்தான் தேர்வு. சைலோடோசின் ரத்த அழுத்தத்தை அவ்வளவாக இறக்காது, ஆனால் விந்து வெளிவராமல் போவது இதில்தான் அதிகம். அல்ஃபூசோசினில் அந்தத் தொல்லை குறைவு. கல்லீரல் கெட்டவர்களுக்கு ஆகாது. டாம்சுலோசின் சாப்பிடுபவர் கண்புரை அறுவைக்கு முன் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அறுவையின்போது கருவிழிப்படலம் தொய்ந்து சிக்கலாகும், மாத்திரையை நிறுத்தி நாளாகியிருந்தாலும்கூட. புராஸ்டேட்டும் கண்புரையும் ஒரே வயதில் வருவதால் இது ஏட்டுச் சுரைக்காய் எச்சரிக்கை இல்லை. இதே வகையைச் சேர்ந்த பழைய மருந்துகளான டாக்சசோசின், டெராசோசின் எழுந்து நிற்கும்போது தலைசுற்ற வைக்கும் என்பதால் குறைந்த அளவில் தொடங்கி ஏற்றுவார்கள்.

ஃபினாஸ்டிரைடும் டூட்டாஸ்டிரைடும் வேறு வழி. சுரப்பியை வளர்க்கும் ஹார்மோனைத் தடுத்து, அதை நாலில் ஒரு பங்கு வரை சுருக்குகின்றன. பலன் தெரிய ஆறு மாதம் பொறுக்க வேண்டும். பொறுத்ததற்குக் கைமேல் கணக்கு உண்டு: 3,040 பேரை நான்கு ஆண்டு கவனித்த ஃபினாஸ்டிரைடு ஆய்வில், போலி மாத்திரைக்காரர்களில் 7 சதவீதம் பேருக்கு அடைப்பு வந்தது, மருந்து சாப்பிட்டவர்களில் 3 சதவீதம் பேருக்கு. 2003-இல் வெளியான எம்.டி.ஓ.பி.எஸ். ஆய்வு இன்னும் தெளிவானது. டாக்சசோசின் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு அறிகுறி குறைந்தது. ஆனால் நீண்டகால அடைப்பு அபாயம் சொல்லும்படி குறையவில்லை. டாக்சசோசினும் ஃபினாஸ்டிரைடும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு அது 81 சதவீதம் குறைந்தது.

ஆகவே சுரப்பி 40 கிராமைத் தாண்டியவருக்கு டாம்சுலோசினை மட்டும் கொடுத்து அனுப்புவது பாதி வைத்தியம் என்பது என் கட்சி. சுரப்பி சிறிதாக இருப்பவருக்கு டூட்டாஸ்டிரைடு பெரும்பாலும் வீண் செலவு. ஆண்மைக் குறைவு, மார்பு வீக்கம் போன்ற தொந்தரவுகளை அவர் எதற்காகத் தாங்க வேண்டும்? ஃபினாஸ்டிரைடா டூட்டாஸ்டிரைடா என்று குழம்ப வேண்டாம். ஒரு வருட நேரடி ஒப்பீட்டில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டுமே, புராஸ்டேட் புற்றுநோயைச் சந்தேகிக்க ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவைச் சுமார் பாதியாக்கும். ஆறு மாதத்துக்குப் பிறகு ரிப்போர்ட்டில் 3 என்றிருந்தால் அதை 6 என்று படிக்க வேண்டும். இதைச் சொல்லாமல் வேறு மருத்துவரிடம் காட்டினால் புற்றுநோய்க்கான அறிகுறி தப்பிப் போகலாம்.

டடலாஃபில் 5 மி.கி.யும் இப்போது எழுதப்படுகிறது. நீர் போகும் சிரமம் குறையும். அடைப்பைத் தடுக்கும் என்று நம்பிச் சாப்பிட ஆதாரம் போதாது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர் தொடவே கூடாது.

இவ்வளவு மாத்திரையும் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு, ஜலதோஷத்துக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையால் மறுபடி அடைத்துக்கொள்பவர்கள் உண்டு. குளோர்ஃபெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் கலந்தவை நம் மெடிக்கல் கடைகளில் ஏராளம்.

மாத்திரை சாப்பிட்டும் டியூப்பை எடுத்த ஒவ்வொரு முறையும் அடைக்கிறது, அல்லது சிறுநீரகம் பாதிக்கப்படுவதைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறுகிறது, சிறுநீர்ப்பையில் கல் சேர்ந்திருக்கிறது என்றால் மாத்திரையை மாற்றி மாற்றிப் பார்த்து மாதங்களைக் கழிக்க வேண்டாம். சிறுநீர்க்குழாய் வழியே கருவியை விட்டு புராஸ்டேட்டைச் சுரண்டி எடுக்கும் டி.யூ.ஆர்.பி. அறுவை பற்றிக் கேட்க வேண்டிய நேரம் அது.